பெயர் வெட்டிய பாத்திரம் – செட்டிநாட்டில் மூன்று பொழுதுபோக்குகளின் கதை

பொழுதுபோக்கு என்றால் என்ன? கல்லூரி மாணவர்களிடம் கேட்டால் பழைய நாணயம் சேர்ப்பது, விடுமுறையில் புதிதாக எதையாவது சமைத்துப் பார்ப்பது, காகிதத்திலோ ஓலையிலோ நூலிலோ கைவேலை செய்வது என்று பட்டியல் நீளும். பணம் சம்பாதிக்க அல்ல, மனசுக்காகச் செய்வது என்பார்கள். நியாயமான பதில்தான்.

ஆனால் ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருப்பது இன்னொருவருக்கு ஒரு காலத்தில் சொத்துக் கணக்காக இருந்திருக்கலாம். அதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. காரைக்குடி.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பித்தளை அண்டா, செம்புக் குடம், மரப்பாச்சி, பர்மா அரக்குச் சாமான், ஸ்வீடனில் செய்த எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, ரவி வர்மா அச்சுப் படம், தேக்குக் கதவு, தூண்... கையில் ஐந்நூறு ரூபாயோடு போகிற மாணவரும் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வரலாம். ஒரு சின்ன எனாமல் கிண்ணமாவது கிடைக்கும்.

அங்கே ஒரு பித்தளைப் பாத்திரத்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பல பாத்திரங்களில் விளிம்பிலோ அடியிலோ எழுத்து வெட்டியிருக்கும். இரண்டு மூன்று முதலெழுத்துகள், சில சமயம் முழுப் பெயர். அது கம்பெனி பெயர் இல்லை. அந்தப் பாத்திரத்துக்குச் சொந்தமாக இருந்த குடும்பத்தின் அடையாளம்.

வீட்டுக்காரர் பெயர் வெட்டிய பாத்திரம் வீட்டை விட்டு ஏன் வெளியே வந்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

பணம் வந்த வழி

நாட்டுக்கோட்டை நகரத்தார் என்று அழைக்கப்படும் செட்டியார்கள் இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்கள் இவர்களுடையவை. மண் வறண்ட மண். விவசாயத்தை நம்பிப் பெரிய பணக்காரர் ஆக வழியில்லை. இவர்கள் கடல் கடந்து போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். இலங்கை, மலாயா, சிங்கப்பூர், சைகோன் எல்லாவற்றையும் விடப் பெரியது பர்மா.

1852-ல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி செய்வது சுலபமாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகம் அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும். அதை வெட்டித் திருத்தி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். மாடு, விதை, கூலி, அறுவடை வரை சாப்பாடு. ஆங்கிலேய வங்கிகள் பர்மிய விவசாயிக்கு நேராகக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. அவனைத் தெரியாது, அவன் மொழி தெரியாது. இந்த இடைவெளியில் செட்டியார் போய் உட்கார்ந்தார். வங்கியில் தன் பெயரில் கடன் வாங்கினார், ஊரில் சொந்தக்காரர்களின் பணத்தை வட்டிக்குப் பெற்றார், தன் கைமுதலையும் சேர்த்து விவசாயிக்கு நிலத்தின் பேரில் கொடுத்தார்.

1910 வாக்கில் பர்மாவில் சுமார் 350 செட்டியார் கடைகள் இருந்தன. 1930-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எண்ணிப் பார்த்தபோது அது 1650 ஆகியிருந்தது. போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

இந்தக் கடைகளை எல்லாம் முதலாளிகளே நடத்தவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்ந்தவர்கள் நடத்தினார்கள். சாதாரணமாக மூன்று வருடம் ஒரு கணக்கு. மூன்று வருடம் ரங்கூனிலோ உள்நாட்டு ஊரிலோ கிட்டங்கியில் தங்கி வேலை, பிறகு ஊருக்குத் திரும்பிச் சில காலம் ஓய்வு, மறுபடி அடுத்த கணக்கு. மனைவியும் பிள்ளைகளும் செட்டிநாட்டிலேயே இருப்பார்கள். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று இன்று வணிகவியல் வகுப்பில் படிக்கிற விஷயங்களைப் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்கள் கடைத் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். லாபத்தில் ஒரு பங்கு மகமை என்று கோயிலுக்கும் தர்மத்துக்கும் தனியாகப் பற்று எழுதப்பட்டது.

பணம் பாத்திரமான விதம்

லாபம் ஊருக்கு வந்து என்ன ஆயிற்று? வீடாயிற்று. பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர், தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள். கானாடுகாத்தான் அரண்மனை 1912-ல் கட்டியது. பக்கத்திலேயே ஆத்தங்குடியில் சிமெண்டும் மணலும் வண்ணமும் கொண்டு, கண்ணாடிப் பலகை மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்த்த தரை ஓடுகள். சூளையில் சுடாத ஓடு, இன்றைக்கும் பளபளக்கிறது.

மீதி லாபம் பெண்களின் சீர் ஆயிற்று. நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களைப் பரப்பி வைப்பது வழக்கம். வெள்ளி, பித்தளை, செம்பு, இரும்பு, எனாமல், பீங்கான், மரம், ஓலை என்று வகைவகையாக, ஒவ்வொன்றிலும் பல அளவுகளில், டஜன் கணக்கில் இருக்கும். எல்லாவற்றுக்கும் எழுதிய பட்டியல் உண்டு. பெண் புகுந்த வீட்டுக்கு வந்ததும் அந்தச் சாமான்கள் அவளுடைய அறைக்குள் போய்ப் பூட்டப்படும். அதுதான் பெயர் வெட்டுவதற்குக் காரணம். ஒரே வீட்டில் நான்கு மருமகள்கள் இருந்தால் யாருடைய அண்டா எது என்று தெரிய வேண்டுமே!

வெளிப்பார்வைக்கு இது ஆடம்பரம். கணக்குப் பார்வையில் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். ஆண்களின் பணம் கடல் கடந்து கடனாக இருந்தது. வந்தால் வரும், வராவிட்டால் வாராக்கடன். பெண்ணின் கையில் இருந்ததோ உலோகம். அது எங்கேயும் போகாது. குடும்பத்துக்குத் தெரிந்தோ தெரியாமலோ, பர்மாவின் ஆபத்துக்கு எதிராக வைத்த ஒரு சிறு காப்பீடு அது.

சமையலுக்கும் இதே ஒழுங்கு இருந்தது. மகனுக்குக் கல்யாணமானால் சில காலத்தில் 'வேறு வைத்தல்' நடக்கும். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் அந்தத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனி அரிசி, தனிச் செலவுக் கணக்கு. மாமியார் மருமகள் சண்டையைத் தவிர்க்கிற வழி என்பார்கள். அதோடு புதுப் பெண்ணுக்குச் சிக்கனம் கற்றுத்தருகிற வழியும் அதுதான். வத்தல், வடகம், ஊறுகாய் எல்லாம் வெயில் காலத்தில் முற்றத்தில் காயும். வருடத்துக்கு ஒரு முறை செய்து ஜாடியில் அடைத்தால் வருடம் முழுக்கக் கவலையில்லை. கல்யாணத்திலும் பொங்கலிலும் பரிமாறுகிற கவுனி அரிசி இனிப்பு கூடக் கடல் கடந்த உறவின் சாட்சிதான். பர்மிய மொழியில் ஒட்டும் அரிசியை 'கௌக்னியின்' போன்ற ஒலியில் சொல்கிறார்கள். கவுனி என்ற பெயரைக் கூடவே வைத்துப் பாருங்கள்.

கைவேலைக்கு வருவோம். பனங்குருத்தோலையைச் சன்னமாகக் கீறி, சாயம் தோய்த்து, ஆச்சிமார்கள் பின்னியவை கொட்டான்கள். மேலே துணி, மணி, ஊசிவேலை எல்லாம் சேர்த்து அலங்கரிப்பார்கள். கல்யாணச் சடங்குகளில் பொருள் வைத்துக் கொடுக்கக் கொட்டான் வேண்டும். கணவன் மூன்று வருடம் கடலுக்கு அப்பால். பெரிய வீடு, நீண்ட மதியம். அந்த மதியங்களில் பின்னியவை இவை. இன்றைய அர்த்தத்தில் உண்மையான பொழுதுபோக்கு என்று ஏதாவது அந்த வீடுகளில் இருந்திருந்தால் அது இதுதான். அந்தப் பொழுதைப் போக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை எந்தப் பேரேட்டிலும் யாரும் எழுதவில்லை.

1930-க்குப் பிறகு

1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி அடுத்த வருடம் பர்மாவைத் தொட்டது. நெல் விலை சில ஆண்டுகளில் பாதியாகவும் அதற்குக் கீழேயும் விழுந்தது. விவசாயியால் அசல் இருக்கட்டும், வட்டி கூடக் கட்ட முடியவில்லை. செட்டியாருக்கு ஈடாக இருந்தது நிலம். நிலம் கைமாறியது.

எவ்வளவு? கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1930-களின் இறுதியில் அது 25 சதவீதம். ஏழெட்டு வருடத்தில் நான்கு மடங்கு!

இதைப் பார்த்து அவர்கள் கொழுத்தார்கள் என்று நினைப்பது தவறு. வணிகவியல் மாணவருக்கு இதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. அவர்கள் தொழிலுக்கு வேண்டியது ரொக்கம், சுழலுகிற பணம். கையில் வந்ததோ விற்க முடியாத நிலம். நடப்புச் சொத்து நிலைச் சொத்தாக உறைந்துவிட்டது. வாங்க ஆளில்லாத சொத்துக்கு ஐந்தொகையில் என்ன மதிப்புப் போட்டாலும் அது எழுத்துதான்.

பர்மிய விவசாயியின் பக்கமும் சொல்லியாக வேண்டும். காட்டைத் திருத்தி வயலாக்கியவன் அவன். விலை விழுந்தது அவன் குற்றமில்லை. ஒரு தலைமுறை உழைப்பு ஒரு கையெழுத்தில் போனது. 1930-31-ல் சாயா சான் தலைமையில் நடந்த விவசாயிகள் கலகத்துக்குப் பின்னால் இந்த வேதனையும் இருந்தது. செட்டியார் என்ற சொல் பர்மாவில் வசைச்சொல் ஆனது. செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூணைத் தடவிப் பார்த்து வியக்கிறபோது, அந்தப் பணத்தில் ஐராவதிக் கரை வயலின் வியர்வையும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் அவர்கள் கையில் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், அரக்கான் வழியாகவும், மணிப்பூர் மலைகள் வழியாகக் கால்நடையாகவும் திரும்பினார்கள். ஆயிரக்கணக்கில் வழியிலேயே இறந்தார்கள். 1948 ஜனவரி 4-ல் பர்மா விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நில தேசியமயச் சட்டம் வந்தது, 1953-ல் மறுபடியும் ஒரு விரிவான சட்டம். 1962-ல் ராணுவ ஆட்சி, 1963-ல் வங்கிகளும் அரசுடைமை. மூன்று தலைமுறையின் பேரேடுகள் வெறும் காகிதமாயின.

எல்லாரும் விழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. பெரிய குடும்பங்கள் முன்கூட்டியே வேறு பக்கம் கால் வைத்திருந்தன. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கியது. அதை நிறுவியவர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் காரைக்குடியில் அழகப்பா கல்லூரியும் இந்தச் செல்வத்திலிருந்து வந்தவைதான். ஆனால் ஒரே ஒரு கடை வைத்திருந்தவரும், சம்பளத்துக்குப் போன மேலாளும் அடுத்தாளும் எங்கே போவார்கள்? அவர்களுக்கு மிச்சம் இருந்தது ஊரில் ஒரு பெரிய வீடு, பூட்டிய அறை, அதற்குள் ஆச்சியின் சாமான்.

அறை திறந்தபோது

காப்பீடு வேலை செய்தது. முதலில் வெள்ளி போயிற்று. பிறகு பித்தளையும் செம்பும், அதுவும் எடைக்கு. பிள்ளையின் படிப்புக்கு ஒரு அண்டா, பெண்ணின் கல்யாணத்துக்கு நான்கு குடம் என்று போனது. பெயர் வெட்டிய பாத்திரத்தைப் பகலில் கடைக்கு எடுத்துப் போக யாருக்கும் மனசு வராது. அடியில் உள்ள எழுத்து யார் வீட்டுச் சாமான் என்று ஊருக்கே சொல்லிவிடும். ஒரு காலத்தில் பெருமைக்கு வெட்டிய எழுத்து பிறகு கூச்சத்துக்குக் காரணமானது.

அடுத்தது வீடு. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் என்றால் யார் கூரை மாற்றுவது? சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை படைப்புக்கு வந்து போவார்கள். ஒழுகுகிற இடத்தில் ஒழுகும். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரே முடிவு, பிரித்து விற்பது. முழு வீட்டை வாங்க ஆளில்லை. ஆனால் தூணுக்கும் கதவுக்கும் கண்ணாடிக்கும் தனித்தனியாக ஆள் இருந்தது. முனீஸ்வரன் கோவில் தெரு வளர்ந்தது அப்படித்தான். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். எல்லா வீடுகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் வேறு வேறு.

சமையல் மட்டும் விற்றாலும் குறையாத சொத்து. செட்டிநாடு என்ற பெயரே இன்று உலகம் முழுக்க ஒரு உணவுப் பலகை. நற்பெயருக்கும் கணக்கில் மதிப்புண்டு என்று பாடத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் காரமான கோழிக் குழம்பு மட்டுமே செட்டிநாடு என்று ஆகிவிட்டது ஒரு குறை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், கவுனி அரிசி எல்லாம் பக்கத்தில் ஒதுங்கி நிற்கின்றன.

கொட்டான் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. பிளாஸ்டிக் கூடை வந்ததும் யாருக்கும் அது தேவைப்படவில்லை. 2000 வாக்கில் விசாலாட்சி ராமசாமி, எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை மூலம் பழைய ஆச்சிகளிடமிருந்த கொட்டான்களைப் பார்த்துப் பின்னல் முறையை மீட்டார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் கிடைத்தது. பணக்கார வீட்டு ஆச்சி பொழுது போகாமல் பின்னியது, இன்று வேறு ஒரு பெண்ணுக்கு மாத வருமானம். பொழுதுபோக்கு இங்கே எதிர்த்திசையில் பயணம் செய்திருக்கிறது!

வாங்குகிறவர் கவனத்துக்கு

பழம்பொருள் சேர்க்கிற மாணவருக்கு இரண்டு விஷயம். ஒன்று சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட சுவடிகளும் அப்படியே. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பழைய சாமி சிலை ஏதாவது மலிவாகக் கிடைக்கிறது என்றால் எந்தக் கோயிலில் இருந்து வந்தது என்று கேட்பதற்கு முன் கையை நீட்டாதீர்கள்.

இன்னொன்று சட்டத்தில் இல்லாதது. பாத்திரம் வாங்கினால் எந்த ஊரிலிருந்து வந்தது, எப்படிப்பட்ட வீடு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்ததைச் சொல்வார். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பெயர் போட வேண்டாம், ஊரும் காலமும் போதும். அடியில் இருக்கிற எழுத்தை அரத்தால் தேய்த்தால் பாத்திரம் புதிதாக மின்னும்தான். தேய்க்காதீர்கள்.

கணக்குப் பதிவியலில் முதல் வருடமே சொல்லித்தருவார்கள். தவறான பதிவைக்கூட அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. திருத்தப் பதிவு ஒன்றைக் கீழே எழுத வேண்டும். பழைய பதிவு அப்படியே இருக்க வேண்டும், படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பாத்திரத்தின் அடியில் இருப்பதும் ஒரு பதிவுதான். ஐராவதி வயலில் தொடங்கி, ரங்கூன் கிட்டங்கி வழியாக வந்து, ஒரு பெண்ணின் பூட்டிய அறையில் முடிந்த கணக்கின் கடைசி வரி அது.